ஸ்கோப்பைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள்

குளிர்காலத்தில் வேதாரண்யம் உப்பளங்களில் வந்திறங்கும் கொசு உள்ளான் அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ 13 செ.மீ. நீளம்தான். வரப்பில் நின்று, நூறு மீட்டர் தள்ளி மேயும் அந்தப் பறவையைச் செல்போனில் படமெடுத்தால் படத்தின் அகலத்துக்குள் கிட்டத்தட்ட 138 மீட்டர் உப்பளம் அடங்கிவிடும். 4000 பிக்சல் அகலமுள்ள அந்தப் படத்தில் உள்ளானின் பங்கு நான்கே பிக்சல். அதே போனை 20 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் பின்னால் பொருத்தி, போனின் 2 மடங்கு ஜூமையும் சேர்த்து எடுங்கள். இப்போது படத்துக்குள் அடங்குவது மூன்றரை மீட்டர் அகலம். உள்ளானுக்கு 150 பிக்சல் கிடைக்கிறது. அதன் கால் கறுப்பா, மஞ்சள் கலந்த பச்சையா என்று சொல்லிவிடலாம். கறுப்பென்றால் கொசு உள்ளான், மஞ்சளும் பச்சையுமாக இருந்தால் அதன் நெருங்கிய உறவான டெம்மிங்க் உள்ளான். வரப்பில் நிற்பவருக்கு அந்த நாளின் முக்கியமான கேள்விக்கு விடை கிடைத்தாயிற்று. பறவையும் மேய்வதை நிறுத்தவில்லை.

இந்த முறைக்கு டிஜிஸ்கோப்பிங் என்று பெயர். 1999இல் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, புதிதாக வந்திருந்த சிறிய டிஜிட்டல் கேமராவை ஸ்கோப்பின் கண்வில்லையில் வைத்துப் பார்த்து, இது பயன்படும் என்று உலகத்துக்குக் காட்டினார். பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சுக்காரரான அலான் ஃபோசே. அந்தத் தொடக்க காலத்தில் பறவை பார்ப்பவர்கள் தேடித் தேடி வாங்கிய கேமரா நிக்கான் கூல்பிக்ஸ் 950. அதில் இரண்டு மெகாபிக்சல்தான். ஆனாலும் அதைத் தேடினார்கள். அதன் லென்ஸ் மிகச் சிறியது, முன்பக்கத் திருகுமரையின் விட்டம் 28 மி.மீ. மட்டுமே. ஜூம் செய்தால் லென்ஸ் வெளியே நீளாது, எல்லா அசைவும் உடலுக்குள்ளேயே நடந்துவிடும். ஆகவே ஸ்கோப்பின் கண்வில்லையோடு ஒட்டி நிற்க அந்தக் கேமராவால் முடிந்தது. அன்று தற்செயலாகக் கிடைத்த அந்தப் பொருத்தம்தான் இன்றைக்கும் ஸ்கோப் தேர்வின் மையப் பிரச்சினை. கேமராவும் கண்வில்லையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

கடைகளில் ஸ்கோப் விற்கப்படுவது முன்பக்கத்தை வைத்துத்தான். பெட்டியின் மேல் 20-60×80 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 20 மடங்கிலிருந்து 60 மடங்குவரை பெரிதாக்கும், முன்லென்ஸின் விட்டம் 80 மி.மீ. என்று அர்த்தம். வாங்க வருபவரின் கண் 60இல் போய் நிற்கும், விற்பவரும் அங்கேயே விரலை வைப்பார். படமெடுக்க நினைப்பவருக்கு அந்த எண்களில் மிகக் குறைவாகப் பயன்படுவது 60தான். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, அது கடினமானதும் இல்லை.

ஸ்கோப்பை வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்துவிட்டு, ஒரு முழம் பின்னால் தள்ளி நின்று கண்வில்லையைப் பாருங்கள். கறுப்பின் நடுவே சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் மிதக்கும். முன்லென்ஸ் திரட்டிய ஒளி முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளியே வருகிறது. முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அந்த வட்டத்தின் அளவு கிடைக்கும். 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்குக்கு 4 மி.மீ., 40 மடங்குக்கு 2 மி.மீ., 60 மடங்குக்கு 1.3 மி.மீ. மடங்கு கூடக் கூட ஒளிவட்டம் சுருங்கும்.

அடுத்து, அந்த வட்டத்தின் முன்னால் வந்து நிற்கும் போன் லென்ஸ். இன்றைய போன்களின் முதன்மைக் கேமராவில் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 6 மி.மீ. அளவில் இருக்கும், எஃப் எண் 1.8 அளவில். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் அகலம் 3.3 மி.மீ. என்று வருகிறது. ஸ்கோப்பிலிருந்து 4 மி.மீ. வட்டம் வந்தாலும் போன் ஏற்றுக்கொள்வது 3.3 மி.மீ. மட்டுமே. ஓரத்தில் விழும் மிச்ச ஒளி வீண். பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. 65 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கு வைத்தால் ஒளிவட்டம் 3.25 மி.மீ. வாய்க்கு அளவெடுத்ததுபோல் அது பொருந்திவிடுகிறது. எனவே 20 மடங்கில், போனில் எடுக்கும் படத்துக்கு, 80 மி.மீ. ஸ்கோப் 65 மி.மீ. ஸ்கோப்பைவிட அதிக வெளிச்சம் தருவதில்லை. கண்ணால் பார்க்கும்போது, அதுவும் அந்தி மங்கலில் கண்மணி விரிந்திருக்கும்போது, இரண்டுக்கும் வேறுபாடு தெரியும். போனுக்குத் தெரியாது.

80 மி.மீ. ஸ்கோப்பின் பலம் 20 மடங்குக்கு மேலே போகும்போதுதான் வெளிப்படும். 30 மடங்கில் அது போனுக்கு முழு வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்கும். 65 மி.மீ. பாதியைக்கூட எட்டாது. 60 மடங்குக்குத் திருப்பினால் 80 மி.மீ. ஸ்கோப்பிலேயே வெளிச்சம் ஆறில் ஒரு பங்காகிவிடும். 20 மடங்கில் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் கிடைத்திருந்தால், இப்போது நூற்றறுபதில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆனால் மூன்று மடங்கு பெரிதாக்கியதால் அசைவும் மூன்று மடங்காகத் தெரியும், ஆகவே மூவாயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். தேவை ஏறுகிறது, கிடைப்பது இறங்குகிறது.

வெளிச்சம் ஏராளமாக இருந்தாலும் 60 மடங்கால் பெரிய பயன் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில வானியலாளர் வில்லியம் டாஸ் இரட்டை நட்சத்திரங்களைப் பிரித்துப் பார்க்க ஒரு விதி வகுத்தார். 116ஐ மி.மீ. கணக்கிலான விட்டத்தால் வகுத்தால், தொலைநோக்கி பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் நொடிப்பாகையில் கிடைக்கும். 80 மி.மீ. விட்டத்துக்கு 1.45 நொடிப்பாகை. நூறு மீட்டர் தொலைவில் இது 0.7 மி.மீ. இதைவிட நுணுக்கமான எதையும் அந்த முன்லென்ஸ் பிரித்துக் காட்டாது. இதை யாராலும் மாற்ற முடியாது, ஒளியின் இயல்பு அது. போன் பக்கம் பார்த்தால், 20 மடங்கு ஸ்கோப்பும் 2 மடங்கு ஜூமும் சேரும்போது நூறு மீட்டரில் ஒரு பிக்சலுக்கு 0.87 மி.மீ. வருகிறது. ஒரு நுணுக்கம் பதிவாகக் குறைந்தது இரண்டு பிக்சலாவது வேண்டும். 40 மடங்கில் ஒரு பிக்சல் 0.43 மி.மீ., இரண்டு பிக்சல் 0.87 மி.மீ. ஸ்கோப்பின் எல்லையும் போனின் எல்லையும் ஏறத்தாழ இங்கே சந்தித்துக்கொள்கின்றன. அதற்கு மேலே போனால் புதிய விவரம் அநேகமாக எதுவும் வராது, இருக்கும் மங்கல்தான் பெரிதாகும். நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது இது: ஸ்கோப் 20 முதல் 40 மடங்குவரை எப்படிக் காட்டுகிறது என்று மட்டும் பாருங்கள், அதற்கு மேல் உள்ள எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

இனி, கண்வில்லை. ஐபீஸ் என்று எல்லோரும் சொல்வது. பணத்தை எங்கே போடுவது என்ற கேள்விக்கு என் விடை முன்லென்ஸின் கண்ணாடிக்கு அடுத்தபடியாக இதுதான். டிஜிஸ்கோப்பிங் தொடங்கியவர்கள் முதலில் அலுத்துக்கொள்வது படத்தைச் சுற்றி வரும் கறுப்பு வட்டத்தைப் பற்றி. நல்ல பறவை, நல்ல வெளிச்சம், ஆனால் படம் சாவித்துளை வழியாகப் பார்த்ததுபோல் இருக்கும். போனில் குறை இல்லை, ஸ்கோப்பிலும் இல்லை. போனின் முதன்மை லென்ஸ் மூலைக்கு மூலை 80 பாகை அகலத்தைப் பார்க்கிறது. சாதாரண 20-60 ஜூம் ஐபீஸ் 20 மடங்கில் கண்ணுக்குக் காட்டும் அகலம் 40 பாகையை ஒட்டித்தான். மிச்சம் முழுவதும் ஐபீஸின் உட்சுவர், அதுதான் கறுப்பாகத் தெரிகிறது. போனை 2 மடங்கு ஜூமுக்குக் கொண்டுபோனால் அதன் பார்வை 45 பாகையாகக் குறுகும், மூலைகளில் மட்டும் கொஞ்சம் இருள் ஒட்டியிருக்கும். இன்னும் ஒரு விரல் ஜூம் செய்தால் அதுவும் மறையும்.

ஐபீஸே 60 பாகையோ அதற்கு மேலோ அகலமாகக் காட்டினால் கதை மாறிவிடுகிறது. போனின் ஒன்றரை மடங்கிலேயே படம் நிறைந்துவிடும். ஜூம் ஐபீஸ்களில் பெரும்பாலானவை குறைந்த மடங்கில் குறுகலாகவும் உயர்ந்த மடங்கில் அகலமாகவும் காட்டும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அதனால்தான் பழுத்த டிஜிஸ்கோப்பர்கள் பலர் 30 மடங்கு போன்ற ஒரே உருப்பெருக்கம் கொண்ட அகல ஐபீஸை விரும்புகிறார்கள். அதில் லென்ஸ்கள் குறைவு, படம் தெளிவு, அடாப்டரை ஒருமுறை சரிசெய்துவிட்டால் பிறகு அசைக்க வேண்டியதில்லை. பறவையைத் தேடுவதற்கு ஜூம் வசதி என்பதை மறுக்கவில்லை. ஜூமே வேண்டுமென்றால் 25 மடங்கில் தொடங்கும் அகலக்கோண வகையைக் கேளுங்கள். 20இல் தொடங்கும் குறுகல் வகையைவிட அது படத்துக்கு நல்லது.

கண் தூரம் என்றொன்று உண்டு. ஒளிவட்டம் ஐபீஸின் கடைசிக் கண்ணாடியிலிருந்து எவ்வளவு பின்னால் உருவாகிறது என்பதுதான் அது. கண்ணாடி அணிபவர்களுக்கு 15 மி.மீ.க்கு மேல் வேண்டும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கேமராவுக்கும் அதே நியாயம். போன் லென்ஸின் வாய் சரியாக அந்த ஒளிவட்டத்தின் இடத்தில் போய் நிற்க வேண்டும். முன்னே போனாலும் பின்னே வந்தாலும் படத்தின் ஓரத்தில் நிழல் விழும். போனின் வாய் அதன் மேற்பரப்புக்கு மிக அருகில் இருப்பதால் கண் தூரம் குறைந்த ஐபீஸோடும் ஒத்துப்போகும். பெரிய கேமரா லென்ஸின் வாய் கண்ணாடிக்கு வெகு உள்ளே இருக்கும். அதற்குக் கண் தூரம் தாராளமாக இல்லாவிட்டால் பொருந்தவே பொருந்தாது. கூல்பிக்ஸ் 950 ஏன் கொண்டாடப்பட்டது என்பது இப்போது இன்னும் தெளிவாகப் புரியும்.

கண்ணாடியின் தரத்துக்கு வருவோம். பழவேற்காட்டில் நீர்ப்பரப்பின் மேல் பறக்கும் ஆலாவையோ வெயிலில் நிற்கும் வெண்கொக்கையோ சாதாரண ஸ்கோப்பில் எடுத்துப் பாருங்கள். வெள்ளை உடலின் ஒரு விளிம்பில் ஊதா, மறு விளிம்பில் பச்சையோ மஞ்சளோ ஒட்டிக்கொண்டிருக்கும். லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வேறு வேறு இடத்தில் குவிப்பதால் வரும் கோளாறு அது. இரண்டு சாதாரணக் கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த லென்ஸில், பச்சை ஓரிடத்தில் குவிந்தால் சிவப்பும் நீலமும் குவியத் தூரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தள்ளிக் குவியும். 480 மி.மீ. குவியத் தூரமுள்ள 80 மி.மீ. லென்ஸில் அது கால் மில்லிமீட்டர். படம் கூர்மையாக இருக்க அனுமதிக்கத்தக்க பிழை அதில் ஆறில் ஒரு பங்குதான். ஸ்கோப்பைக் கையடக்கமாக்குவதற்காகக் குழாயைக் குட்டையாக்கும்போது இந்தக் கோளாறு இன்னும் மோசமாகிறது. குட்டையான, மலிவான, பெரிய விட்டமுள்ள ஸ்கோப்பைக் கண்டால் நான் சந்தேகப்படுவது இதனால்தான்.

தீர்வு பழையது. ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அப்பே 1886இல் உருவாக்கிய நுண்ணோக்கி லென்ஸ்களில் இயற்கையாகக் கிடைத்த ஃபுளோரைட் படிகத்தைப் பயன்படுத்தினார். கால்சியம் ஃபுளோரைடு நிறங்களை மிகக் குறைவாகவே பிரிக்கும். இந்தக் குணத்தை அளக்கும் அளவுகோலுக்கே அப்பே எண் என்று பெயர். சாதாரண கிரௌன் கண்ணாடிக்கு 64, ஃபுளோரைட்டுக்கு 95. எண் பெரிதாக இருந்தால் நிறப் பிரிகை குறைவு. இன்றைய ஸ்கோப்களில் ஈடி என்று குறிப்பிடப்படும் கண்ணாடிகள் 80 முதல் 95வரை இருக்கின்றன. இதில்தான் சிக்கல். ஈடி, எச்டி, ஏபிஓ என்று குழாயில் பொறிப்பதற்குக் கறாரான பொது விதி எதுவும் இல்லை. 81 அப்பே எண் கொண்டதும் ஈடிதான், 95 கொண்டதும் ஈடிதான். ஜப்பானின் கோவா நிறுவனம் தன் டிஎஸ்என்-883 ஸ்கோப்பின் 88 மி.மீ. லென்ஸில் உண்மையான ஃபுளோரைட் படிகத்தையே வைத்திருக்கிறது. அதை ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு விளிம்பு ஊதாவைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். விலையும் அதற்கேற்றபடிதான். ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி வேறொரு வழியில் யோசித்தது. 2012இல் வந்த அதன் ஏடிஎக்ஸ் வரிசையில் ஐபீஸ் பகுதி தனி, முன்பகுதி தனி. ஒரே ஐபீஸ் பகுதியோடு 65, 85, 95 மி.மீ. முன்பகுதிகளில் எதையும் மாட்டலாம். நடக்கும் நாளுக்கு ஒன்று, வண்டியில் போகும் நாளுக்கு ஒன்று. இவையெல்லாம் லட்சங்களில் விலை போகும் பொருள்கள். பெரும்பாலானோருக்கு இடைநிலை விலையில் நல்ல ஈடி கண்ணாடியும் நல்ல ஐபீஸும் கொண்ட 65 மி.மீ. ஸ்கோப் போதும் என்பது என் திடமான எண்ணம். அதே பணத்துக்குக் கிடைக்கும் சுமாரான 80 மி.மீ. ஸ்கோப்பை விட்டுவிடுங்கள்.

பள்ளிக்கரணையைச் சாலையோரத்திலிருந்தோ வேடந்தாங்கலைக் கண்காணிப்புக் கோபுரத்திலிருந்தோ பார்ப்பவருக்கு எடை பொருட்டல்ல, அவர் 80, 85 என்று போகலாம். கோடியக்கரைச் சேற்றுவெளியில் கிலோமீட்டர் கணக்கில் நடப்பவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் தோளில் தெரியும். ஸ்கோப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் நிலை வந்தால் எந்த லென்ஸாலும் பயன் இல்லை.

45 பாகை வளைந்த ஐபீஸா, நேரானதா? படத்துக்கு வளைந்ததையே சொல்வேன். போன் திரை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், குனிந்து பார்க்க வசதி. டிரைபாடைத் தாழ்வாக வைக்கலாம், தாழ்வாக இருந்தால் காற்றில் ஆடாது. உயரம் வேறுபட்ட நான்கு பேர் வரிசையாக வந்து பார்க்கவும் முடியும். வண்டிக்குள்ளிருந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் நேரானது ஏற்றது. குவியம் திருகும் அமைப்பில், விரைவுக்கு ஒன்றும் நுணுக்கத்துக்கு ஒன்றுமாக இரட்டைக் குமிழ் இருந்தால் பெரிய உதவி. போனின் தானியங்கிக் குவியம் ஸ்கோப்பின் பிழையை ஓரளவுதான் சரிக்கட்டும். முதலில் ஸ்கோப்பில் நுணுக்கமாகக் குவித்து, பிறகு போன் திரையில் விரலை அழுத்திக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட வேண்டும்.

டிரைபாட் வாங்கும்போது பலர் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நல்ல ஸ்கோப்பை வீணாக்க அதைவிட எளிய வழி இல்லை. மேலே சொன்ன 20 மடங்குப் படத்தின் மொத்த அகலமே இரண்டு பாகை. 4000 பிக்சலை அதில் பரப்பினால் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு அசைவு 20 பிக்சல் இழுப்பாக வரும். கடற்காற்றில் நடுத்தண்டை உயர்த்திய ஒல்லி டிரைபாட் இதைவிட அதிகமாகவே ஆடும். தடித்த கால்கள், வீடியோ எடுப்பவர்கள் பயன்படுத்தும் பிசுக்கெண்ணெய்த் தலை, ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன்செய்ய நீளமான தகடு ஆகியவை வேண்டும். போனும் அடாப்டரும் சேர்ந்தால் எடை பின்பக்கம் சாயும் என்பதால் அந்தத் தகடு அவசியம். திரையைத் தொட்டுப் படமெடுக்காதீர்கள். புளூடூத் ரிமோட்டோ இரண்டு நொடி டைமரோ போதும்.

அடாப்டர்களில் இரண்டு வகை. எந்தப் போனையும் கவ்வும் பொதுவான பிடி ஒன்று. அது மலிவு, ஆனால் ஒவ்வொரு முறையும் லென்ஸை நடுவுக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும், அதற்குள் பறவை பறந்திருக்கும். குறிப்பிட்ட போனுக்கான உறையும் குறிப்பிட்ட ஐபீஸுக்கான வளையமும் சேர்ந்த வகை இன்னொன்று. போனை மாற்றினால் உறையை மட்டும் மாற்றலாம். இரண்டாவது வகைதான் களத்தில் நிலைத்து நிற்கிறது. மூன்று லென்ஸ் உள்ள போன்களில் ஒரு தொல்லை உண்டு. வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும், திரை முழுவதும் இருண்டுவிடும். லென்ஸைப் பூட்டிவைக்கும் கேமராச் செயலி இதற்கு வேண்டும். முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள், அதன் பின்னால் உள்ள சென்சார்தான் பெரும்பாலும் பெரியது. 48, 50 மெகாபிக்சல் சென்சார்களில் 2 மடங்கு ஜூம் என்பது நடுப்பகுதியை வெட்டியெடுப்பதுதான், தரம் அதிகம் குறையாது.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் அதையே மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டலாம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். 50 மி.மீ. லென்ஸோடு முழுச் சட்டகக் கேமராவை 30 மடங்கு ஸ்கோப்பில் வைத்தால் 1500 மி.மீ. குவியத் தூரம் வரும். அதை 80ஆல் வகுத்தால் எஃப் எண் 19. உச்சி வெயிலில்கூட அது இருட்டு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் 20 மி.மீ. சிறு லென்ஸ் என்றால் எஃப் எண் 7.5, பார்வைக் கோணமோ 1200 மி.மீ. லென்ஸுக்கு நிகர். டிஜிஸ்கோப்பிங்கில் சிறிய சென்சாரும் சிறிய லென்ஸும் பெரியவற்றை முந்துவது இதனால்தான்.

ஸ்கோப்பே வேண்டுமா என்ற கேள்வியையும் நேர்மையாகக் கேட்டாக வேண்டும். 2018இல் வந்த நிக்கான் பி1000 கேமராவின் ஜூம் 3000 மி.மீ.க்கு நிகரான நெருக்கத்துக்குப் போகும். அதன் உண்மைக் குவியத் தூரமான 539ஐ அந்த நிலையின் எஃப் எண்ணான 8ஆல் வகுத்தால் 67 மி.மீ. ஒளி திரட்டும் திறனில் அது 65 மி.மீ. ஸ்கோப்புக்குச் சமம், தானியங்கிக் குவியமும் அதிர்வுத் தடுப்பும் உள்ளேயே இருக்கின்றன. பறக்கும் பறவையையும் பிடிக்கும். படம் மட்டும்தான் நோக்கம் என்றால் அதுபோன்ற கேமராவை வாங்குங்கள், அல்லது நல்ல தொலைலென்ஸை. ஸ்கோப் என்பது பார்ப்பவர்களுக்கான கருவி. ஏரியின் மறுகரையில் இரண்டாயிரம் வாத்துகளுக்கு நடுவே வேறுபட்ட ஒன்றைத் தேடி ஒரு மணி நேரம் கண் வலிக்காமல் பார்க்க எந்தக் கேமராத் திரையும் உதவாது. பார்த்ததைப் பதிவுசெய்ய அதே கருவியில் போனைச் சொருகினால் போதும் என்பதுதான் டிஜிஸ்கோப்பிங்கின் அருமை. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிவிடப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் காணப்பட்டிருக்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. பட்டையிலோ வளையத்திலோ உள்ள எழுத்தைப் படிக்க முடிந்த ஒரு சுமாரான படம், எழுத்தே தெரியாத நூறு அழகான படங்களைவிட ஆய்வாளர்களுக்கு உதவும்.

எவ்வளவு செலவழித்தாலும் காற்றை வாங்க முடியாது. வெயில் ஏறிய உப்பளத்தில் தரையை ஒட்டிய காற்று சூடாகி நெளியும். அந்தக் கானலின் வழியே 20 மடங்கில் பார்த்தாலும் உள்ளானின் விளிம்பு நீரில் தெரிவதுபோல் அலையும். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டவர்கள் உண்டு. விடிந்த முதல் இரண்டு மணி நேரம், மேகம் மூடிய நாள், மழை விட்ட பிறகான நேரம் ஆகியவற்றில் காற்று அடங்கியிருக்கும். நெளிவு தரையருகேதான் அதிகம் என்பதால் கரைமேட்டிலோ கோபுரத்திலோ ஏறி நின்று பார்த்தால் குறையும். ஏசி போட்ட காரின் ஜன்னல் வழியாக எடுத்தால் உள்ளே வெளியே வெப்பம் கலந்து அதே நெளிவை உண்டாக்கும். நெளியும் காற்றில் மடங்கைக் கூட்டாமல் குறைத்து, தொடர்படமாக இருபது முப்பது எடுத்தால் காற்று ஒரு கணம் நின்றபோது விழுந்த படம் ஒன்றாவது தேறும்.

வாங்குவதற்கு முன் கடையில் செய்ய வேண்டியவை சில. ஒரே மாதிரியில் இரண்டு ஸ்கோப்கள் ஒரே தரத்தில் இருப்பதில்லை, மலிவான வகைகளில் இந்த ஏற்றத்தாழ்வு அதிகம். கையில் எடுக்கும் அந்த ஒன்றையே சோதியுங்கள். முதலில் ஒளிவட்டச் சோதனை. ஐபீஸின் பின்னால் ஒரு அளவுகோலைப் பிடித்து வட்டத்தை அளந்து, உருப்பெருக்கத்தால் பெருக்குங்கள். பெட்டியில் 80 என்று போட்டு இங்கே 68 வந்தால் உள்ளே ஏதோ ஒளியை வெட்டுகிறது என்று பொருள். வட்டம் முழு வட்டமாக இல்லாமல் ஓரம் சப்பையாக இருந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் (பிரிசம்) சிறியது. பிறகு கடைக்கு வெளியே, தெருவின் மறுமுனையில் உள்ள விளம்பரப் பலகையின் சிறிய எழுத்துகளில் குவியுங்கள். குமிழைத் திருப்பும்போது கூர்மை ஒரே இடத்தில் சட்டென்று வந்து சட்டென்று போக வேண்டும். இங்கேயா அங்கேயா என்று கை தடுமாறினால் அந்த ஸ்கோப் வேண்டாம். வெயிலில் மின்னும் கம்பியையோ வெள்ளைச் சுவரின் விளிம்பையோ பார்த்து நிறக்கோளாறைச் சோதிக்கலாம். கடைசியாக, உங்கள் போனையே ஐபீஸில் வைத்து, கறுப்பு வட்டம் எந்த ஜூமில் மறைகிறது என்று பாருங்கள். விற்பவர் பொறுமை இழந்தாலும் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

நம் கடற்கரைக்கு இன்னொரு கவலையும் உண்டு. காற்றில் ஈரம் குறையாத சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் லென்ஸ்களில் பூஞ்சை பிடிக்கும். பிடித்துவிட்டால் பூச்சை அரித்துவிடும், துடைத்தால் போகாது. நைட்ரஜன் நிரப்பி மூடப்பட்ட ஸ்கோப்பில் உள்ளே ஈரம் புகாது, ஆகவே அந்த வசதி உள்ளதையே வாங்குங்கள். ஐபீஸைக் கழற்றி மாட்டும் வகையில் கழற்றுவது வீட்டுக்குள் மட்டும் இருக்கட்டும். சேற்றுவெளியிலிருந்து திரும்பியதும் உப்புப் படிந்த வெளிப்பரப்பை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டு, அதன் பிறகே மூடுங்கள். தோல் பையில் வைத்து அலமாரியில் பூட்டுவது பூஞ்சைக்கு விருந்து. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் அதற்குள் ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல்லும் போதும். மணிகள் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறியபின் திரும்பப் போடுங்கள். மழைக்காலத்தில் இதைச் சற்று அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.